உஷார்! ஹால் டிக்கெட் வந்துவிட்டால் தகுதி வந்துவிட்டது என்று நம்பாதீர்கள்

அந்தப் பெண்ணின் முதுகலைச் சான்றிதழில் ஒரே ஒரு சொல்தான் கூடுதல். வெறும் 'கெமிஸ்ட்ரி' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'அப்ளைடு கெமிஸ்ட்ரி' என்று இருந்தது. பி.ஜி. டி.ஆர்.பி. எனப்படும் முதுநிலை ஆசிரியர் தேர்வை எழுதி, கட்-ஆஃபுக்கு மேலே மார்க் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் உட்கார்ந்த பிறகுதான் அந்தச் சொல் இடறியது. "இதுக்கு ஈக்குவலன்ட் ஜி.ஓ. இருக்காம்மா?" என்று கேட்டார்கள். அப்படி ஒரு அரசாணை உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. என்னிடம் பிளஸ் டூ படித்தவர். அன்று சாயங்காலம் போனில் அவர் அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதுநிலை ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் தயவுசெய்து புத்தகத்தை ஐந்து நிமிடம் மூடி வைத்துவிட்டுப் படியுங்கள்.

2025 ஜூலையில் 1,996 பணியிடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் அறிவிக்கை வெளியிட்டது. அக்டோபர் 12 அன்று தேர்வு நடந்தது. இந்தத் தேர்வின் நடைமுறையைக் கவனியுங்கள். ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது நீங்கள் சொல்வதை வைத்துத்தான் ஹால் டிக்கெட் வருகிறது. உங்கள் பட்டம் செல்லுமா செல்லாதா என்று நுணுக்கிப் பார்ப்பது தேர்வெல்லாம் முடிந்து, மதிப்பெண் வந்து, சரிபார்ப்புக்கு அழைத்த பிறகுதான். அதாவது, நீங்கள் தகுதியில்லாதவர் என்றால் அது உங்களுக்குத் தெரிய வருவது ஜெயித்த பிறகு. வேலையை விட்டு, நகையை அடகு வைத்து, கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டிப் படித்ததெல்லாம் அந்த ஒரு மேசையில் முடிந்துபோகிறது.

"சார், எங்க யுனிவர்சிட்டி யு.ஜி.சி. அங்கீகாரம் பெற்றதுதானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். இங்கேதான் ஏமாறுகிறோம். அங்கீகாரம் வேறு, இணைத்தன்மை வேறு. பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் இருக்கிறது என்பதைத்தான் யு.ஜி.சி. அங்கீகாரம் காட்டும். அங்கே வாங்கிய பட்டம் அரசுப் பணிக்குக் கேட்கப்பட்ட பட்டத்துக்குச் சமமா என்பது தனிக் கேள்வி. தமிழ்நாட்டில் அதைப் பரிசீலிப்பது மாநில உயர்கல்வி மன்றத்தின் இணைத்தன்மைக் குழு. குழு பரிந்துரைத்ததை உயர்கல்வித் துறை அரசாணையாக வெளியிடும். அதில் 'இணையானது' என்றும் வரும், 'இணையானது அல்ல' என்றும் வரும். இரண்டாவது வகையில் உங்கள் பட்டம் இருந்தால், தங்கப் பதக்கமே வாங்கியிருந்தாலும் கதவு திறக்காது. பட்டத்தின் பெயரே எந்த அரசாணையிலும் இல்லையென்றாலும் தவிப்புதான்.

வெளிமாநிலப் பல்கலைக்கழகங்கள், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள், தன்னாட்சிக் கல்லூரிகள் ஆகியவற்றில் படித்தவர்கள் இருமடங்கு கவனமாக இருக்க வேண்டும். மாணவர்களை இழுப்பதற்காகப் பாடத்துக்குப் புதுப்பெயர் சூட்டும் பழக்கம் அங்கே அதிகம். சேரும்போது 'வேலைவாய்ப்புள்ள கோர்ஸ்' என்பார்கள். நாளைக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் நீங்கள். இளங்கலை ஒரு பாடம், முதுகலை வேறு பாடம் என்று படித்த 'கிராஸ் மேஜர்' ஆட்களுக்கும் இதே ஆபத்து. முதுகலையை மட்டும் காட்டித் தப்பிக்க முடியாது, இளங்கலையையும் கேட்பார்கள்.

திறந்தநிலையில் படித்தவர்கள் 2009-ஐ மறக்கக்கூடாது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் நேரடியாக முதுகலை வாங்கிய ஒருவர் தொடர்பான வழக்கில், அந்த எம்.ஏ. பணிக்குச் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்ட் 18-ல் பணியாளர் துறை அரசாணை எண் 107 வந்தது: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டம் அரசுப் பணி நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படாது. பட்டம் போலியில்லை, படிப்பும் பொய்யில்லை. ஏறி வந்த படி வரிசை சரியில்லை என்பதுதான் குறை.

தொலைநிலையில் படித்தவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். நீங்கள் சேர்ந்த வருஷத்தில், அந்தக் குறிப்பிட்ட கோர்ஸை நடத்த அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுமதி இருந்ததா? போன வருஷம் இருந்தது, அடுத்த வருஷம் இருந்தது என்பதெல்லாம் உதவாது. ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் தன் எல்லைக்கு வெளியே படிப்பு மையம் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. 2013-லேயே எச்சரித்தது. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் ஒரு அறை எடுத்து, வடமாநிலப் பல்கலைக்கழகத்தின் போர்டு மாட்டியிருந்தவர்களிடம் பணம் கட்டியவர்கள் இப்போதே விசாரியுங்கள்.

கோர்ட்டுக்குப் போகலாமே என்கிறார்கள். போகிறார்கள்தான், ஒவ்வொரு தேர்வுக்குப் பின்னும். ஆனால் ஒரு பட்டம் இன்னொன்றுக்குச் சமமா என்று தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலையல்ல, பணியமர்த்தும் அரசின் பொறுப்பு என்று 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகுதியைக் கணக்கிட வேண்டியது விண்ணப்பிக்கும் கடைசி நாளில்தான் என்பதை அது 1997-லேயே உறுதிப்படுத்தியிருக்கிறது. தேர்வு முடிந்த பிறகு ஓடியாடி அரசாணை வாங்கினாலும், அது முன்தேதியிட்டுச் செல்லுமா என்று தனியாக ஒரு போராட்டம். அதற்குள் பணியிடம் நிரம்பிவிடும். வயது வரம்பு உங்களுக்காகக் காத்திருக்காது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். 'உண்மைத்தன்மைச் சான்று வாங்கிட்டேன் சார், பிரச்சினையில்லை' என்று ஒரு தம்பி நிம்மதியாகச் சொன்னார். சான்றிதழ் போலியில்லை என்பதற்கு மட்டும்தான் அது சாட்சி. இணைத்தன்மைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அரசின் மீதும் எனக்குக் கோபம் உண்டு. விண்ணப்பப் படிவத்திலேயே பட்டத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தவுடன் 'இதற்கு அரசாணை தேவை' என்று திரையில் காட்டுவதற்கு என்ன தடை? வெளியான இணைத்தன்மை அரசாணைகளையெல்லாம் தேடிப் பார்க்கும்படி ஒரே பட்டியலாக வைத்தால் எத்தனை குடும்பங்கள் தப்பிக்கும்! அது நடக்கும்வரை நம் கையில்தான் இருக்கிறது.

பீரோவைத் திறந்து பட்டச் சான்றிதழை எடுங்கள். கல்லூரியில் வாயால் சொன்ன பெயரை விடுங்கள். அச்சில் இருக்கும் பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அறிவிக்கையில் கேட்கப்பட்ட பாடத்தின் பெயருக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். ஒரு சொல் மாறினாலும், அந்தப் பட்டத்துக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் அரசாணை உண்டா என்று உயர்கல்வித் துறை ஆணைகளில் தேடுங்கள். இருந்தால் நகல் எடுத்து ஃபைலில் வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் படித்த ஆண்டின் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கிக்கொண்டு, உயர்கல்வி மன்றத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பியுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தொடங்குங்கள்.