வாளும் கயிறும் வில்லன் சிரிப்பும்: 90 வருஷப் பழைய சாகசப் படங்கள் ஏன் இன்னும் அலுக்கவில்லை?

கடற்கரைப் பாறை மேல் இரண்டு பேர், கையில் வாள், பின்னால் அலை. ஒருவர் எரால் ஃபிளின், இன்னொருவர் பேசில் ராத்போன். 1935ல் வார்னர் பிரதர்ஸ் தயாரிப்பில் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய ‘கேப்டன் பிளட்’ படத்தின் சண்டைக் காட்சி இது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நிஜத்தில் நல்லா வாள் வீசத் தெரிந்தவர் ராத்போன்தான். ஹாலிவுட் நடிகர்களிலேயே தேர்ந்த வாள்வீரர்களில் ஒருவர் என்று பேர் எடுத்தவர். ஆனா மண்ணில் விழுந்து சாவதும் அவர்தான். 1938ல் வந்த ‘தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் ராபின் ஹூட்’டிலும் அதே ஃபிளின், அதே ராத்போன், அதே கதி. வில்லனாச்சே, வேற வழி?

இந்த வகைப் படங்களுக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்வாஷ்பக்லர்’ என்று பெயர். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பாராட்டு வார்த்தை இல்லை. வாளைக் கேடயத்தில் தட்டிச் சத்தம் கிளப்பிக்கொண்டு திரியும் ஆளை அப்படிச் சொல்வார்கள். நம்ம ஊர்ல சொன்னா, சும்மா உதார் விடுறவன். அந்த உதாரை அழகாக மாற்றியவர் மௌனப்பட நாயகன் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ். 1920ல் ‘தி மார்க் ஆஃப் ஸாரோ’வில் சுவர் ஏறி, ஜன்னல் தாண்டி, சிரித்துக்கொண்டே எதிரியை அலைய விட்டார். சிரிப்புதான் இங்கே முக்கியம். உயிர் போகிற நேரத்திலும் ஹீரோவுக்கு ஒரு கிண்டல் வரணும்.

சண்டை எப்படி உருவானது?

‘கேப்டன் பிளட்’, ‘ராபின் ஹூட்’ இரண்டுக்கும் வாள் சண்டை அமைத்தவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த ஃப்ரெட் கேவன்ஸ். போட்டிகளில் வாள் அசைவு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. ஆனா அதை அப்படியே படம் பிடித்தால் தியேட்டரில் ஒன்றுமே தெரியாது. அசைவு பெரிதாக இருக்கணும், அதே சமயம் முறை தப்பக் கூடாது என்பது கேவன்ஸின் கணக்கு.

அதனால்தான் இந்தச் சண்டைகள் நமக்குப் புரிகின்றன. யார் முன்னேறுகிறார், யார் பின்வாங்குகிறார், படிக்கட்டு எங்கே இருக்கிறது, எல்லாம் கண்ணுக்குத் தெரியும். டூப் போட்ட இடங்கள் உண்டு, வேகம் கூட்டிய இடங்களும் உண்டு. ஆனாலும் நொடிக்கு ஒரு வெட்டு போட்டு, கேமராவை உலுக்கி, கடைசியில் யார் யாரை அடித்தார்கள் என்றே தெரியாமல் விடும் இன்றைய சண்டைகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உறைக்கும். ‘ராபின் ஹூட்’ கிளைமாக்ஸில் இரண்டு பேரும் ஃபிரேமை விட்டே வெளியே போய்விடுவார்கள். தூணில் விழும் நிழல்கள் மட்டும் சண்டை போடும். அப்பவும் நமக்குக் குழப்பமே வராது.

பாதி வேலையை இசை செய்கிறது. இரண்டு படங்களுக்கும் இசை எரிக் வுல்ஃப்கங் கோர்ன்கோல்ட், வியன்னாவில் ஆபரா எழுதிப் புகழ்பெற்ற யூத இசையமைப்பாளர். ‘ராபின் ஹூட்’ வேலைக்காக 1938 தொடக்கத்தில் அவர் அமெரிக்கா வந்தார். மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவைப் பிடித்தார். திரும்பிப் போக ஊர் இல்லை. அந்தப் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்று பின்னாளில் சொன்னார். அதே படத்துக்கு ஆஸ்கரும் கிடைத்தது. கொடுங்கோலனை எதிர்க்கும் காட்டு வீரர்களுக்கான அந்த உற்சாக இசையை, இது தெரிந்த பிறகு பழைய மாதிரி கேட்க முடியாது.

டாக்டர் ஏன் கொள்ளையன் ஆனார்?

‘கேப்டன் பிளட்’ கதை ரஃபேல் சபாட்டினி 1922ல் எழுதிய நாவல். 1685, இங்கிலாந்து. பீட்டர் பிளட் ஒரு மருத்துவர். காயம்பட்ட கலகக்காரருக்குச் சிகிச்சை கொடுத்ததே குற்றம் என்று தண்டித்து, அடிமையாக விற்றுவிடுகிறார்கள். தப்பித்துக் கடற்கொள்ளையர் தலைவனாகிறார்.

எங்கயோ கேட்ட மாதிரி இருக்கா? கேட்டதுதான். 1965ல் பி.ஆர்.பந்துலு இயக்கிய ‘ஆயிரத்தில் ஒருவன்’ இந்தக் கதையைத் தழுவியது. எம்.ஜி.ஆர் வைத்தியர் மணிமாறன், ஜெயலலிதா தீவுத் தலைவரின் வீட்டுப் பெண், நம்பியார் கொள்ளையர் தலைவன். 2014ல் டிஜிட்டலில் மறுபடி ரிலீஸ் ஆகி, சென்னையில் 100 நாளைத் தாண்டி ஓடியது.

இந்தக் கதையின் இழுப்பு எளிமையானது. ஹீரோ சண்டையைத் தேடிப் போகவில்லை. நியாயமான ஒரு வேலையைச் செய்தார், சட்டம் அவரைக் குற்றவாளி ஆக்கியது. பொருளாதார மந்தத்தில் வேலையும் வீடும் இழந்திருந்த 1930களின் அமெரிக்க ரசிகர்களுக்கு அது நன்றாகவே புரிந்திருக்கும்.

ஆனா இந்தக் கலகத்துக்கு ஒரு எல்லை உண்டு. ராபின் ஹூட் எதிர்ப்பது இளவரசர் ஜானை, அரசாட்சியை அல்ல. நல்ல ராஜா ரிச்சர்ட் திரும்பி வந்ததும் மண்டியிட்டுவிடுவார். பிளட்டும் அப்படித்தான். மோசமான ராஜா போய் வேறு ராஜா வந்ததும், கொள்ளையர் தலைவன் கவர்னர் ஆகிவிடுகிறார். இன்னொன்றும் உறுத்துகிறது. ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளின் உழைப்பில் வளர்ந்தவை. படத்தில் விடுதலைக்குத் துடிப்பதும், கப்பலைப் பிடித்துத் தப்பிப்பதும் வெள்ளை அடிமைகள். தோட்டத்தில் மிச்சம் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று படம் கேட்பதே இல்லை. ரசித்துக்கொண்டே இதையும் கவனிக்கலாம், தப்பில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

பழைய கறுப்பு வெள்ளைப் படம் என்றாலே தயங்குபவர்கள் ‘ராபின் ஹூட்’டில் தொடங்கலாம். டெக்னிகலரில் அந்தப் பச்சையும் சிவப்பும் இன்றைக்கும் கண்ணைப் பறிக்கும். சண்டை மட்டும் போதும் என்றால் 1952ல் வந்த ‘ஸ்கராமூஷ்’. தியேட்டர் பால்கனி விளிம்பில் தொடங்கி மேடை வரை நீளும் அதன் கடைசிச் சண்டை ஆறு நிமிஷத்துக்கு மேல் ஓடும், பின்னணி இசையே கிடையாது.

அப்புறம் 1987ல் வந்த ‘தி பிரின்சஸ் பிரைட்’. அதன் நடிகர்களுக்கு வாள் பயிற்சி கொடுத்தவர்களில் ஒருவர் பாப் ஆண்டர்சன். ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக ஆடியவர், 1950களில் ஃபிளின்னோடு வேலை செய்தவர். ‘ஸ்டார் வார்ஸ்’ வரிசையில் டார்த் வேடர் முகமூடிக்குள் நின்று ஒளிவாள் வீசியதும் இவர்தான். 2003ல் வந்த முதல் ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ படத்தின் வாள் சண்டைகளிலும் இவர் பங்கு உண்டு.