இகிகாய்: நாலு வட்டத்துக்கு வெளியே

இந்த எபிசோடில் இகிகாய் பத்திப் பேசப் போறோம். பேர் புதுசா இருந்தாலும் அந்தப் படத்தைக் கண்டிப்பா பார்த்திருப்பீங்க. நாலு வட்டம்: உனக்குப் பிடிச்சது, உனக்கு நல்லா வர்றது, உலகத்துக்குத் தேவையானது, காசு கிடைக்கிறது. நாலும் சேர்ற நடு இடம்தான் உன் இகிகாய்னு போட்டிருக்கும்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ராத்திரி நானும் அதை நோட்டில் வரைஞ்சு நிரப்பினேன். காசு வட்டத்தில் என் வேலை: ஒரு பில்லிங் சாஃப்ட்வேரில் பக் சரிசெய்யறது. பிடிச்ச வட்டத்தில் மைக், ஆடியோ எடிட்டிங். நடுவில்? காலி. அன்னைக்குத் தூக்கமே வரல. இருபத்தஞ்சு வயசுலேயே தப்பான பஸ்ஸில் ஏறிட்டோமோன்னு பயம். ராஜினாமா மெயில்கூட டைப் பண்ணி டிராஃப்டில் வச்சேன்.

அப்புறம்தான் இந்தப் படம் எங்கிருந்து வந்ததுன்னு தேடினேன். அது ஜப்பானில் பிறந்ததே இல்லை! ஸ்பெயினைச் சேர்ந்த ஆந்த்ரேஸ் சுசுனாகா வரைந்த வட்டங்கள் அவை. நடுவில் அவர் எழுதியிருந்த சொல் 'நோக்கம்'. 2014-ல் மார்க் வின் என்ற வலைப்பதிவர் அந்த இடத்தில் 'இகிகாய்'னு மாற்றி வெளியிட்டார். நம்ம பாஷையில் சொன்னா, ஒரு ஃபைண்ட் அண்ட் ரிப்ளேஸ்.

ஜப்பானில் 'இகி' என்றால் வாழ்தல், 'காய்' என்றால் அதற்கான பயன், மதிப்பு. ரொம்பச் சாதாரணமா புழங்கும் சொல். ஒருத்தருக்குப் பேரக்குழந்தை இகிகாய், இன்னொருத்தருக்குத் தோட்டம், வேறொருத்தருக்கு வேலை. அதில் சம்பளம் வரணும், திறமை இருக்கணும்னு எந்தக் கண்டிஷனும் இல்லை.

இதைப் பத்தி ஆழமா யோசிச்சவர் மியேகோ காமியா என்ற மனநல மருத்துவர். நாகஷிமா தீவில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். தொழுநோயாளிகளைத் தனிமைப்படுத்தும் சட்டம் ஜப்பானில் 1996-ல்தான் நீங்கியது. வேலை, குடும்பம், ஊர் எல்லாம் போன மனுஷங்க அங்கே இருந்தாங்க. நோய் லேசா இருந்த பலருக்கு வாழ்க்கை வெறுமையாத் தெரிஞ்சது. உடம்பு ரொம்ப மோசமான சிலர் நிறைவா இருந்தாங்க. ஏன்? அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான் இகிகாய் பற்றி 1966-ல் அவர் வெளியிட்ட புத்தகம்.

அதே மருத்துவமனையில் கண்பார்வை இழந்த நோயாளிகள் சேர்ந்து ஒரு ஹார்மோனிகா குழு நடத்தினாங்க. விரலில் உணர்ச்சி இல்லாததால், பிரெயில் இசைக்குறிப்பை நாக்கால் தடவி வாசிச்சாங்க. இதை நாலு வட்டத்தில் எங்கே வைப்பீங்க?

காமியா இன்னொன்றையும் பிரிச்சுக் காட்டுறார். இகிகாய் என்பது நமக்குப் பயன் தரும் அந்த விஷயம். அதனால் உள்ளே வர்ற உணர்வு 'இகிகாய்-கான்'. நாம தேடுறது வேலைக்கான பட்டம் இல்ல, அந்த உணர்வு.

2008-ல் வெளிவந்த ஓசாகி ஆய்வும் இங்கே முக்கியம். மியாகி மாகாணத்தில் 43,000-க்கும் அதிகமானவர்களிடம் இகிகாய் இருக்கான்னு ஒரே கேள்வி கேட்டு, ஏழு வருஷம் கவனிச்சாங்க. இல்லைன்னு சொன்னவர்களிடம் இறப்பு விகிதம் அதிகம். இகிகாய்தான் ஆயுளைக் கூட்டுச்சுன்னு இதை வச்சு மட்டும் சொல்லிட முடியாது. ஆனா ஒதுக்கித் தள்ளவும் முடியாது.

அப்போ பிடிக்காத வேலையைச் சகிச்சுக்கணுமா? இல்லவே இல்லை. அந்த மெயிலை அன்னைக்கு நான் அனுப்பல. ஒரு வருஷம் கழிச்சு வேற காரணத்துக்காக வேலை மாறினேன். ராத்திரி பதினொரு மணிக்கும் கால் வந்துட்டே இருந்தது, மைக் முன்னாடி உட்கார நேரமே இல்லை. அதுக்குள்ள என் கேள்வி மாறிடுச்சு. "இந்த வேலைதான் என் இகிகாயா?" இல்ல. "என் இகிகாய்க்கு இந்த வேலை இடம் விடுதா?"

இப்பவும் பக்தான் சரிசெய்யறேன். இந்த பாட்காஸ்டில் ஒரு ரூபாய் வரல. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாடியே எழுந்துடுறேன்.

உங்களை அப்படி எழுப்புறது எது? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.