குனிந்து மாட்டினால்தான் வரும்

2024 அக்டோபர் 11 மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் போயிங் 737, ஹைட்ராலிக் கோளாறால் திரும்ப வேண்டியதாயிற்று. எரிபொருளைக் குறைக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வட்டமடித்தது. 141 பயணிகளும் பத்திரமாக இறங்கினார்கள். அன்று விமானிகளைவிடச் செய்தி வாசித்தவர்களுக்குத்தான் அதிகம் வியர்த்திருக்கும். புதுக்கோட்டை மாவட்டம் ஆவூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "ஏதாவது ஆகியிருந்தால், கதவைத் திறந்ததும் ஆட்கள் இறங்கும் அந்த அவசரச் சறுக்கு தானாக வந்துவிடுமா?"

வராது. யாராவது குனிந்து மாட்டியிருந்தால்தான் வரும்.

737இன் கதவடியில் புடைத்திருக்கும் பெட்டிக்குள் சறுக்கு மடிந்து கிடக்கிறது. அதன் நுனியில் 'கர்ட் பார்' என்ற உலோகக் கம்பி. கிளம்புமுன் பணிப்பெண் அதைக் கதவிலிருந்து கழற்றித் தரையிலுள்ள பிடிகளில் மாட்டுவார். அதன்பின் கதவைத் திறந்தால் கம்பி தரையோடு நின்றுவிடும். சறுக்கு இழுபட்டு வெளியே விழும். 6 நொடிக்குள் அது விறைத்து நிற்க வேண்டும் என்பது விதி. ஆனால் கூடவே இருக்கும் சிலிண்டரின் வாயு அவ்வளவு பெரிய பைக்குக் காணாது! இங்கேதான் அழகு. வாயு குறுகிய துளைகள் வழியே சீறும்போது அங்கே அழுத்தம் சரிகிறது. மடல்கள் உட்புறமாகத் திறக்க, வெளிக்காற்று தானே உள்ளே பாய்கிறது. சறுக்கை நிரப்புவதில் பெரும்பங்கு திருச்சிக் காற்றுதான். உள்ளே அழுத்தம் ஏறியதும் மடல்கள் மூடிக்கொள்ளும். மோட்டாரும் கிடையாது, மின்சாரமும் வேண்டாம்.

வரலாறு கேட்பவர்களுக்காக: இதையே தண்ணீரில் மிதவையாகவும் பயன்படுத்தலாம் என்று 1965இல் காட்டியவர் குவாண்டாஸின் ஜாக் கிராண்ட். பாதி வாசல்கள் வழியாகவே 90 நொடியில் எல்லோரையும் இறக்கிக் காட்ட வேண்டும் என்ற அமெரிக்க விதி 1967இல் வந்தது. போதும்.

ஏர்பஸ் ஏ320இல் குனியவே வேண்டாம். ஒரு நெம்புகோலைத் தள்ளினால் போதும். மாட்டியதை மறந்து உள்ளிருந்து கைப்பிடியை லேசாகத் தூக்கினால் வெள்ளை விளக்கு எரிந்து எச்சரிக்கும். வெளியிலிருந்து திறந்தால் சறுக்கு தானே விடுபடும். 737இல் இந்தச் சலுகைகள் இல்லை. கதவுச் சன்னலின் குறுக்கே சிவப்புப் பட்டை கிடந்தால் மாட்டியிருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவே.

கியர் பைக்கில் ஊறியவர் மச்சான் வீட்டு ஸ்கூட்டியை எடுத்து, கிளட்ச் என்று நினைத்து இடக்கையை அழுத்துவார். வண்டி பிரேக் போட்டு நிற்கும். பின்னால் உட்கார்ந்த அக்கா முதுகில் முட்டித் திட்டுவார், தூக்குவாளிக் குழம்பு சட்டையில் கொட்டும். ஒருவகை விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் பணியாளரின் கையும் இப்படித்தான், பழகிய இடத்துக்கே போகும். விளக்கு எரியவில்லையே என்று ஏ320காரர் 737 கதவைத் திறந்தால், பளபளக்கும் சறுக்கு வாசலில் வந்து நிற்கும். கீழே ஆள் நின்றால் அடிபடும். மாட்டவே மறந்திருந்தால் இன்னும் மோசம்: ஆபத்தில் கதவைத் திறந்தவர் முன்னால் ஏறத்தாழ 9 அடிப் பள்ளம்.

இதற்கெல்லாம் 'மனிதத் தவறு' என்று தலைப்புப் போட்டு, செயற்கை நுண்ணறிவு கேமரா வந்தால் தீர்ந்தது என்கிறார்கள். கேமராவும் பட்டை கிடக்கிறதா என்றுதான் பார்க்கும். விமானம் நகரும்போது ஒலிபெருக்கியில் 'க்ராஸ்செக்' என்று கேட்கிறதே, அந்த வேலை அதுவேதான்: எதிர்க்கதவுக்காரர் உங்கள் கதவை வந்து பார்ப்பார், நீங்கள் அவருடையதைப் பார்ப்பீர்கள். பார்க்காமலே 'பார்த்தாச்சு' என்று சொல்லிவிடும் வாய்ப்பு மட்டும் இரண்டு பேருக்கும் உண்டு.