மருத்துவத்தின் நான்காம் கூறு

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிபவர் என்பன அவை. முதல் மூன்றும் எளிதில் நினைவுக்கு வருவன. நான்காவதன் அருமையை மருத்துவமனை தொலைவிலுள்ள சிற்றூர்களே நன்கறியும். நள்ளிரவில் பச்சிளங்குழந்தைக்கு மூச்சுத்திணறல் காணுமாயின், பயிற்சி பெற்ற ஒருவர் அவ்வூரிலேயே இருக்கிறாரா என்பதைப் பொறுத்தே அதன் உயிர் அமைகிறது.

கட்டடமும் பணியாளரும்

சர் ஜோசப் போர் தலைமையிலான குழு 1946இல் அளித்த அறிக்கை, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வழிகாட்டியது. சமவெளியில் 30,000 பேருக்கும் மலைப்பகுதியில் 20,000 பேருக்கும் ஒரு நிலையம் என்பது இந்திய அளவுகோல். ஆயினும், கட்டடம் எழுப்புவதைவிட அங்குத் தங்கிப் பணிபுரிவோரைப் பெறுவது கடினமாயிற்று. நகரில் பிறந்து, நகர மருத்துவமனையில் பயின்றவருக்குச் சிற்றூர் புதிய உலகம். குடியிருப்பு வசதி, பிள்ளைகளின் படிப்பு, மேற்படிப்பு வாய்ப்பு ஆகியவை அவரை நகருக்கே ஈர்க்கின்றன. எனவே, ஊருக்குப் பணியாளரை அனுப்புவதோடு, ஊரிலிருந்தே பணியாளரை உருவாக்க இயலுமா என்னும் வினா எழுந்தது.

ஜாம்கெட் காட்டிய வழி

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மருத்துவர்கள் ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே இணையர், 1970இல் மகாராட்டிர மாநிலத்தின் வறட்சிப் பகுதியான ஜாம்கெட்டில் பணி தொடங்கினர். ஒவ்வோர் ஊரும் தம்முள் ஒரு பெண்ணைத் தேர்ந்து அனுப்பியது. அவர்களுள் எழுதப் படிக்க அறியாதோர் பலர். பேறுகாலக் கவனிப்பு, குழந்தை ஊட்டம், வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தல் ஆகியவற்றை அவர்கள் கற்றனர். கற்றதை ஊரில் செய்து பார்த்து, ஐயங்களுடன் மீண்டும் பயிற்சிக்கு வந்தனர். பட்டம் இல்லாத அவர்களுக்கு ஊராரின் நம்பிக்கை இருந்தது.

கட்சிரோலியின் சான்று

அதே மாநிலத்தின் கட்சிரோலி மாவட்டத்தில், மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் 39 ஊர்களில் உள்ளூர்ப் பெண்களுக்குப் பச்சிளங்குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி அளித்தனர். குழந்தையை எடைபோடுதல், வெதுவெதுப்பாக வைத்தல், மூச்சுவீதத்தை எண்ணுதல், தொற்றின் அறிகுறி கண்டு மருந்து செலுத்துதல் ஆகியன அப்பயிற்சியில் அடங்கும். திட்டம் நடைபெறாத ஊர்களுடன் ஒப்பிட, மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு ஏறத்தாழ 62 விழுக்காடு குறைந்தது. 1999இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இம்முடிவு வெளியாயிற்று.

நாடு ஏற்ற நெறி

2005இல் தொடங்கிய தேசிய ஊரக நலவாழ்வு இயக்கம், ஏறத்தாழ 1,000 பேருக்கு ஒருவர் என ‘ஆஷா’ பணியாளர்களை அவ்வவ்வூர்ப் பெண்களிலிருந்தே தேர்ந்தெடுத்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாள்களுக்குள் ஆறு முறை வீட்டுக்கே சென்று பார்ப்பது அவர்கள் கடமைகளுள் ஒன்று.

தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்களின் கிராம சுகாதாரச் செவிலியர்கள் நெடுங்காலமாக இவ்வகைப் பணியாற்றி வருகின்றனர். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் பரிசோதித்து மருந்து வழங்குகின்றனர். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கும் சட்டம் 2020இல் இயற்றப்பட்டது. இது சிற்றூர் மாணவர் மருத்துவராவதற்கான வாயிலையும் அகலத் திறந்தது.

நிலைபெறத் தேவையானவை

உள்ளூர்ப் பணியாளர் மருத்துவருக்கு மாற்று அல்லர். நோய் முற்றுமுன் இனங்கண்டு, உரிய இடத்துக்கு அனுப்புவது அவர் பணி. அனுப்பும் இடத்தில் மருத்துவர் இல்லையெனில் அவர்தம் அறிவு பயனற்றுப்போகும். இடைவிடாப் பயிற்சி, தட்டுப்பாடற்ற மருந்து, உழைப்புக்கேற்ற ஊதியம் ஆகியன அவருக்கு உறுதிசெய்யப்பட வேண்டும். ‘தொண்டு’ என்னும் பெயரால் ஊதியத்தைக் குறைப்பது அறமாகாது; பணிபுரிவோர் விலகிச்செல்லவும் அதுவே காரணமாகிவிடும்.

யாரைத் தேர்ந்தெடுக்கிறோம், எங்கே பயிற்றுகிறோம், எவ்வாறு தாங்குகிறோம் என்னும் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. அம்மூன்றும் கூடிய ஊரில், நள்ளிரவில் கதவு தட்டப்படும்போது எழுந்து வருவதற்கு அறிந்த முகம் ஒன்று இருக்கும்.