தோட்டத்து வீட்டில் திரையரங்கம்: எந்தத் திரை? எந்த ஒலிபெருக்கி?

தோட்டத் திடலில் இரண்டு கம்பங்களை நட்டு, வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டி, இருட்டியதும் படம் காட்டிய காலம் ஒன்று மலேசியத் தோட்டங்களில் இருந்தது. 1946-ல் தொடங்கப்பட்ட மலாயாத் திரைப்படப் பிரிவின் செய்திப் படங்களைத் தகவல் இலாகாவின் வண்டிகள் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய்க் காட்டின. பாய், சாக்கு என்று கையில் கிடைத்ததை விரித்து மக்கள் உட்கார்ந்தார்கள். கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்தில் கம்பளி இல்லாமல் உட்கார முடியாது என்பது வேறு விஷயம். 1963 டிசம்பர் 28-ல் மலேசியாவில் தொலைக்காட்சி தொடங்கியது. 1978-ல் வண்ணம் வந்தது. 1996-ல் ஆஸ்ட்ரோ வந்து கூரைக்குக் கூரை தட்டு முளைத்தது. திடலில் இருந்த திரை இன்று வரவேற்பறைச் சுவருக்கே வந்துவிட்டது.

ஆனால் வீட்டில் திரையரங்கம் அமைக்கச் சொல்லித்தரும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை பங்களாக்களை நினைத்து எழுதப்பட்டவை. தனி அறை, தடித்த சுவர், கம்பளத் தரை, ஏழு ஒலிபெருக்கிகள் என்று அவை அடுக்கும். ஹாபு, சுங்கை பாலாஸ், புளூ வேலி பக்கத்துத் தோட்டத்து வரிசை வீட்டின் கதை வேறு. பத்தடி வரவேற்பறை, அண்டை வீட்டோடு பங்கிட்டுக்கொண்ட ஒற்றைச் சுவர், தலைக்கு மேலே தகரக் கூரை, வருடம் முழுவதும் ஈரக்காற்று. கேமரன் மலையில் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. இந்த வீட்டில் படம் நன்றாகத் தெரிந்தால் மட்டும் போதாது, வசனம் காதில் விழ வேண்டும். பணத்தை எதில் போடுவது என்பதை முடிவு செய்ய வேண்டியது இந்த இடத்தில்தான்.

அளவு நாடா முதலில், கடை பிறகு

கடைக்குப் போவதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வீட்டில் மூத்தவர் வழக்கமாக உட்காரும் நாற்காலியிலிருந்து தொலைக்காட்சி வைக்கப்போகும் இடம் வரை அளவு நாடாவைப் பிடித்துப் பார்க்க வேண்டும். பத்தடி அறை என்றால் பத்தடி கிடைக்காது. மேசைக்கு ஓரடி, நாற்காலிக்கும் அதன் பின்னால் உள்ள இடைவெளிக்கும் ஓரடி போனால், கண்ணுக்கும் திரைக்கும் நடுவே ஏழரை, எட்டு அடிதான் மிஞ்சும்.

திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் உணர்வு வர, திரை நம் பார்வையில் சுமார் 30 பாகை அகலத்தையாவது நிரப்ப வேண்டும் என்பது துறை சார்ந்தவர்கள் வைத்திருக்கும் கணக்கு. திரையின் மூலைவிட்ட அளவை 1.6-ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிடைக்கும். 43 அங்குலத் திரைக்கு ஏறக்குறைய ஆறடி, 55 அங்குலத்துக்கு ஏழரை அடி, 65 அங்குலத்துக்கு ஒன்பதடிக்குச் சற்றுக் குறைவு. ஆக, பத்தடி அறைக்கு 55 அங்குலம் கச்சிதம். 65 அங்குலம் வாங்கினால் குற்றம் ஒன்றுமில்லை, இன்னும் நெருக்கமாகத் தெரியும். ஆனால் சாதாரணத் தரத்தில் வரும் அலைவரிசைகளும் பழைய படங்களும் அத்தனை பெரிய திரையில் புள்ளி புள்ளியாகக் கலங்கித் தெரியும். அந்தக் கூடுதல் பணத்தை ஒலிக்கு ஒதுக்குவதே புத்திசாலித்தனம்.

4கே வேண்டுமா என்ற கேள்விக்கு இன்று பெரிய பொருள் இல்லை. 55 அங்குலத்தில் அது இல்லாத பெட்டி கிடைப்பதே அரிது. இருந்தாலும், இந்த அளவுத் திரையை ஏழடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்க்கும் சராசரிக் கண்ணுக்கு 4கே-க்கும் முழு எச்.டி.க்கும் உள்ள புள்ளி வேறுபாடு தெரியாது. அந்த எழுத்துக்காக மட்டும் அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

அகலத் திரை வாங்கியவர்களில் பலர் முதல் நாளிலேயே, "மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை வருகிறதே, பெட்டியில் கோளாறா?" என்று கேட்பதுண்டு. கோளாறு இல்லை. தொலைக்காட்சியின் அகலமும் உயரமும் 16-க்கு 9 என்ற விகிதத்தில் இருக்கின்றன. தமிழில் முதல் சினிமாஸ்கோப் படமான 'ராஜராஜ சோழன்' 1973-ல் வந்தது. இன்றைய தமிழ்ப் படங்களில் பெரும்பாலானவை அந்த நீண்ட வடிவத்திலேயே எடுக்கப்படுகின்றன. அப்படிப்பட்ட படத்தை 55 அங்குலத் திரையில் போட்டால், 68 சென்டிமீட்டர் உயரத்தில் 51 சென்டிமீட்டரை மட்டுமே படம் பிடிக்கும். எம்.ஜி.ஆர்., சிவாஜி காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இதற்கு நேர்மாறாக இரு பக்கமும் பட்டை வரும். பட்டையைப் பொறுக்காமல் ரிமோட்டில் இழுத்து நிரப்பினால் சாவித்திரியின் முகம் அகலமாகிவிடும். அது பாவம்.

அந்தப் பட்டைகள் உண்மையிலேயே கறுப்பாக இருக்க வேண்டும் என்பவர்கள் ஓ.எல்.இ.டி. திரையை நாடுகிறார்கள். அழகுதான். ஆனால் காலை முதல் இரவு வரை ஒரே அலைவரிசை ஓடும் வீட்டில், மூலையில் நிற்கும் அலைவரிசைச் சின்னம் நாளடைவில் திரையில் தடமாகப் பதியும் ஆபத்து அதில் உண்டு. பகலெல்லாம் தொலைக்காட்சி பேசிக்கொண்டே இருக்கும் வீட்டுக்கு எல்.இ.டி. விளக்குள்ள சாதாரணத் திரையே உழைக்கும். பாய் விரித்துப் பக்கவாட்டில் வரிசையாக உட்காரும் குடும்பம் என்றால், கடையிலேயே ஓரமாக நின்றும் தரையோடு குனிந்தும் பார்க்க வேண்டும். நேராகப் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் சில திரைகள் ஓரத்திலிருந்து வெளுத்துப்போகும். கதவு உயரத்துக்கு மேலே ஆணியடித்து மாட்டுவதும் வேண்டாம். திரையின் நடுப்பகுதி உட்கார்ந்தவரின் கண்ணுக்கு நேராக இருந்தால் கழுத்து தப்பிக்கும்.

மழை பேசும்போது வசனம் கேட்குமா?

பிற்பகல் மழை தகரக் கூரையில் இறங்கும்போது வீட்டுக்குள் பேசுவதே கேட்காது. உடனே கை ஒலியைக் கூட்டுகிறது. வசனம் கொஞ்சம் கேட்கிறது, அடுத்த நிமிடம் சண்டைக் காட்சி வந்து சுவரை அதிர வைக்கிறது. மீண்டும் குறை, மீண்டும் கூட்டு. ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியாது.

இதற்குக் காரணம் இரண்டு. பழைய கனத்த பெட்டிகளில் ஒலிபெருக்கி முன்பக்கம் பார்த்து இருந்தது. இன்றைய மெல்லிய பெட்டிகளில் பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கிறது. ஒலி சுவரிலும் மேசையிலும் மோதிய பிறகுதான் காதுக்கு வருகிறது. இரண்டாவது, படத்தின் ஒலியமைப்பு. 5.1 என்று எழுதியிருந்தால் முன்னால் இடம், வலம், நடு என மூன்று, பின்னால் இரண்டு, அதோடு அடித்தொனிக்கு ஒன்று என்று பொருள். வசனத்தின் பெரும்பகுதி நடு ஒலிபெருக்கிக்கென்றே பதிவாகிறது. பெட்டியில் இருக்கும் இரண்டு சிறு ஒலிபெருக்கிகளுக்குள் அத்தனையும் கலந்து திணிக்கப்படும்போது, பின்னணி இசைக்கு அடியில் பேச்சு புதைந்துபோகிறது.

இளைஞர்கள் இதைச் சமாளித்துவிடுவார்கள். கஷ்டம் தாத்தா பாட்டிக்குத்தான். வயதாக ஆகக் காது முதலில் இழப்பது உச்சத் தொனிகளை. மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலி பெரிதும் அங்கேதான் இருக்கிறது. பட்டம், சட்டம், கட்டம் மூன்றும் முதல் எழுத்தில் மட்டுமே மாறுகின்றன. அந்த முதல் ஒலி தேய்ந்துவிட்டால் எதைச் சொன்னார்கள் என்று ஊகிக்கத்தான் வேண்டும். ஒரு காட்சியில் நான்கைந்து சொல் நழுவினால் கதையும் நழுவிவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் பெரியவர்கள் எத்தனையோ பேர். குடும்பமே சேர்ந்து பார்க்கத்தானே பெரிய திரை வாங்கியது?

ஆகவே சவுண்ட்பார் வாங்குபவர் பார்க்க வேண்டியது 2.1-ஐ அல்ல, 3.1-ஐ. முதல் எண்ணில் உள்ள மூன்றாவது, நடுவில் வசனத்துக்கென்றே இருக்கும் ஒலிபெருக்கி. அதன் அளவை மட்டும் தனியாகக் கூட்டும் வசதி ரிமோட்டில் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். மழை வந்தால் அதை மட்டும் இரண்டு படி ஏற்றலாம், சண்டைச் சத்தம் அப்படியே இருக்கும். தனித்தனி ஒலிபெருக்கிகள் வைக்க இடமுள்ள வீட்டில் 5.1 தொகுதி இன்னும் சிறப்பு. பின் ஒலிபெருக்கிகள் இரண்டும் உட்காருபவரின் காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் இருக்க வேண்டும். பத்தடி அறையில் நாற்காலியே பின்சுவரை ஒட்டியிருந்தால் அவற்றுக்கு இடமில்லை. அங்கே 5.1 வாங்குவது வீண் செலவு.

வாட் கணக்கு ஏமாற்றும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அது பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. என்ற அலங்கார எண். ஆர்.எம்.எஸ். என்ற எண்ணைக் கேட்டுப் பார்க்க வேண்டும். இருமடங்கு வாட் கொடுத்தாலும் ஒலி கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது சிறு வேறுபாடு. பத்தடி அறைக்கு ஒலிபெருக்கி ஒன்றுக்கு 20, 30 வாட் ஆர்.எம்.எஸ். தாராளம்.

இனி சப்வூஃபர். இதைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே பேச வேண்டும். 40 ஹெர்ட்ஸ் அடித்தொனியின் அலைநீளம் எட்டரை மீட்டர். பலகைச் சுவர் அதற்கு ஒரு தடையே அல்ல. இந்த வீட்டில் வெடிக்கும் குண்டு அடுத்த வீட்டில் கட்டிலைத் தட்டும். அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர் படுத்திருக்கிறார். தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாகப் பழகிய குடும்பங்கள் சத்தத்தால் முகம் திருப்பிக்கொள்வது நல்லதல்ல. பங்குச் சுவரிலிருந்து தள்ளி, அறை மூலையைத் தவிர்த்து, தடித்த ரப்பர் விரிப்பின் மேல் அதை வைக்கலாம். மூலையில் வைத்தால் அடித்தொனி தானாகவே வீங்கும். இரவு பத்து மணிக்கு மேல் 'நைட் மோட்' என்ற வசதியைப் போட்டால் உரத்த ஒலி தணிந்து மெல்லிய பேச்சு உயரும். இதெல்லாம் தொல்லை என்று நினைப்பவர் சப்வூஃபர் இல்லாமலே வாழலாம். வசனத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

இணைப்புக் கம்பி விஷயத்தில் ஒரு சொல் போதும். தொலைக்காட்சியின் பின்னால் எச்.டி.எம்.ஐ. துளைகளில் ஏ.ஆர்.சி. என்று எழுதியிருக்கும் துளையில்தான் சவுண்ட்பாரைச் சொருக வேண்டும். வேறு துளையில் சொருகிவிட்டு ஒலி வரவில்லை என்று கடைக்குத் திரும்பக் கொண்டுபோனவர்கள் உண்டு.

மின்னலும் ஈரமும்

பள்ளத்தாக்கில் இருக்கும் வீடுகளுக்குச் சாதாரண ஏரியல் சில வேளைகளில் ஏமாற்றும். பிரிஞ்சாங் மலை உச்சியில் கோபுரங்கள் இருந்தாலும், நடுவே ஒரு குன்று மறைத்தால் படம் வராது. ஆஸ்ட்ரோவுக்கு அந்தச் சிக்கல் இல்லை. மெசாட் துணைக்கோள் இங்கிருந்து பார்த்தால் ஏறக்குறைய தலைக்கு மேலே, சற்று மேற்கே சாய்ந்து நிற்கிறது. கனமழையில் படம் உறைவது அந்த அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சுவதால்தான். புதுத் தொலைக்காட்சி வாங்கினாலும் அது தீராது. 2019-ல் மலேசியா பழைய அனலாக் ஒளிபரப்பை முற்றாக நிறுத்திவிட்டது. ஏரியலையே நம்பியிருப்பவர், பெட்டிக்குள் டி.வி.பி.-டி2 வசதி இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

உலகில் இடி மின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இடி கேட்டதும் மின்சாரச் சொருகியை மட்டும் பிடுங்கினால் போதாது. ஆஸ்ட்ரோ அல்லது ஏரியல் கம்பியையும் கழற்ற வேண்டும், மின்னல் அந்த வழியாகவும் வரும். மின்னலால் எரிந்த பெட்டிக்குப் பொதுவாக உத்தரவாதம் செல்லாது. ஈரம் இன்னொரு எதிரி. மழையில் நனையும் வெளிச்சுவரில் பெட்டியை ஒட்டி மாட்டாமல், காற்று போக இரண்டு அங்குலமாவது விட வேண்டும். வாரக்கணக்கில் போடாமல் மூடி வைப்பதைவிடத் தினமும் சிறிது நேரம் ஓடவிடுவது நல்லது, உள்சூடு ஈரத்தை விரட்டும்.

2025 பிப்ரவரியில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியானது. அந்தச் சம்பளக்காரருக்குத் திரையும் ஒலியும் சேர்ந்தால் விளையாட்டுச் செலவல்ல. மாதம் 150 வெள்ளிதான் என்று தவணைக்காரர் சொன்னால் மாதங்களை எண்ணிப் பெருக்க வேண்டும். 36 மாதம் என்றால் 5,400 வெள்ளி. ரொக்க விலை 3,600 வெள்ளி என்றால், பாதி விலையை வட்டியாகக் கட்டுகிறோம். ஆறு மாதம் பொறுத்து, முதலில் திரை, பிறகு சவுண்ட்பார் என்று இரண்டு கட்டமாக வாங்கினால் கடன் குறையும். மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை ஒலிக்கு வைத்தால் அளவாக இருக்கும்.

கடையில் வரிசையாக ஓடும் பெட்டிகள் குழல்விளக்கு வெளிச்சத்தை வெல்வதற்காக ஒளியை உச்சத்தில் வைத்திருக்கும். அதைப் பார்த்து மயங்காமல் 'சினிமா' அமைப்புக்கு மாற்றிக் காட்டச் சொல்லலாம். மனப்பாடமாகத் தெரிந்த படம் ஒன்றில் இருவர் மெல்லப் பேசும் காட்சியைப் போட்டுக் கேட்பதே நல்ல சோதனை. சண்டைக் காட்சி எந்த ஒலிபெருக்கியிலும் நன்றாகத்தான் இருக்கும். முடிந்தால் வீட்டுப் பெரியவரையே கூட அழைத்துப்போய்க் கேட்கச் சொல்லலாம்.

ஈப்போவில் வாங்குபவர் இன்னும் இரண்டைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பழுதானால் ஆள் மலைக்கு வருவாரா, அல்லது பெட்டியை இறக்கிக் கொண்டுபோக வேண்டுமா? வருவதென்றால் பயணச் செலவு யாருடையது? இரண்டையும் ரசீதிலேயே எழுதி வாங்குவது நல்லது. கொண்டுவரும்போது பெட்டியைப் படுக்க வைக்கக் கூடாது. தாப்பாவிலிருந்து ஏறும் பழைய சாலையின் வளைவுகளில் படுத்திருக்கும் கண்ணாடித் திரை தாங்காது. நிமிர்த்தி வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்து, குளிரில் வந்த பெட்டியை ஒரு மணி நேரம் வீட்டுக்குள் வைத்திருந்து, வண்டிக்காரர் கிளம்புவதற்கு முன் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட வேண்டும்.