வாய்கொள்ளாச் சொற்கள்!

ஆங்கிலத்தின் அரிய சொற்களைக் கற்கவேண்டுமென்ற ஆவல் நம் தோழர்கள் பலருக்கு உண்டு. நாளுக்குப் பத்துச் சொல்லென நோட்டுப் புத்தகத்தில் எழுதி நெட்டுருப் போடுகின்றனர். நல்லதுதான்! ஆனால் எந்தச் சொல்? மேடையிலே உதிர்த்து, எதிரே இருப்பவன் திருதிருவென விழிப்பதைக் கண்டு மகிழ்வதற்கான சொல்லா? ஆலை வாயிலில் ஒட்டப்படும் அறிவிப்பிலே ஒளிந்திருந்து நம் வீட்டு அடுப்பை அணைக்கப்போகும் சொல்லா?

'லே-ஆப்' என்பார்கள்; 'ரிட்ரெஞ்சுமெண்ட்' என்பார்கள். இரண்டும் "வேலையில்லை, போ" என்பதுதானே என்று எண்ணிவிடாதீர்கள்! முன்னது, மூலப்பொருளோ மின்சாரமோ இல்லாமல் தற்காலிகமாக வேலை தரமுடியாத நிலை. பதிவேட்டிலே பெயர் இருக்கும். விதிக்கு உட்பட்டவர்க்குப் பாதிச் சம்பளமும் உண்டு. பின்னது ஆட்குறைப்பு, பெயரே அடிபட்டுப்போகும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டத்தை 1953இல் திருத்தி இவ்விரண்டுக்கும் இலக்கணம் வகுத்தனர். ஆட்குறைப்பென்றால், பணி முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்றனர். அச்சட்டத்துக்கு மாற்றாக 2020இல் இயற்றப்பட்ட தொழில் உறவுத் தொகுப்பும் அதே கணக்கைத்தான் சொல்கிறது. இருபதாண்டு உழைத்தவனுக்கு 300 நாள் சம்பளம்! சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் போவது பரீட்சை மார்க்கா? அந்த 300 நாள் அல்லவா!

சொல்லை மனதில் நிறுத்த ஒரு வழியுண்டு. அதன் வேரைத் தோண்டுங்கள். 'ரிட்ரெஞ்சு' என்பது வெட்டுதல் எனப் பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்தது. போர்க்களத்திலே சிப்பாய் வெட்டும் 'டிரெஞ்சு' அதற்கு உடன்பிறப்பு. அங்கே மண்ணை வெட்டுகிறான்; இங்கே ஆளை வெட்டுகிறார்கள்!

'பாய்காட்' என்ற சொல் இருக்கிறதே, அது ஓர் ஆளின் பெயர்! அயர்லாந்திலே மேயோ வட்டாரத்தில் ஒரு பிரபுவின் நிலங்களைப் பார்த்துக்கொண்ட கேப்டன் பாய்காட். 1880இல் குத்தகையைக் குறைக்கச் சொன்னார்கள் உழவர்கள். கேட்ட அளவுக்கு இறங்கி வராமல், வெளியேறச் சொல்லி ஓலை அனுப்பினார் கேப்டன். உழவர்கள் என்ன செய்தார்கள்? ஒதுங்கிக்கொண்டார்கள்! கதிரறுக்க ஆளில்லை, கடையிலே பண்டமில்லை, கடிதம் சுமந்துவரக்கூட ஆளில்லை. வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து பட்டாளக் காவலோடு அறுவடை நடத்த வேண்டியதாயிற்று. அவ்வாண்டு முடியுமுன்பே கேப்டன் ஊரைவிட்டுப் போனார். இந்தக் கதையைக் கேட்டவனுக்கு அச்சொல்லின் பொருள் மறக்குமா? நெட்டுரு தேவையா?

இன்னொன்று, 'எக்ஸ்-கிரேஷியா'. காதுக்கு இனிமையான லத்தீன்! கருணையினால் தருவது என்று பொருள். பேரம் பேசிப் பெற்ற தொகையின் தலையிலே இச்சொல்லை ஏற்றிவிட்டால், "உனக்கு உரிமையில்லை, என் தயவில் தருகிறேன்" என்றாகிறது. பக்கத்திலேயே 'புல் அண்டு பைனல் செட்டில்மெண்ட்' என்றும் இருக்கும். இனி எந்தப் பாக்கியும் கேட்கமாட்டேன் என்று நம் வாயாலேயே சொல்லவைக்கும் தொடர் அது. இவ்விரண்டும் உள்ள தாளை நீட்டினால், பேனாவைத் திறக்காதீர்கள். "படித்துப் பார்த்துவிட்டு நாளை தருகிறேன்" என்று சொல்லி, ஒரு நகலை வாங்கிக்கொண்டு சங்கத்துக்கு வாருங்கள்.