காத்திருப்பவனுக்கே விலை: சித்தூர் - திருப்பதி வட்டாரத்தில் வாங்கல், விற்றல், கூலி

விலை என்பது நமக்கு விலை, தெலுங்கருக்கு வெல. நாம் பேரம் பேசுகிறோம், அவர்களும் பேரம்தான் ஆடுகிறார்கள். சந்தை அவர்களுக்குச் சந்த, அங்காடி அங்கடி, கூலி இருவருக்கும் கூலியே. இலக்கணத்தில் எவ்வளவு விலகி நின்றாலும் வயிற்றுப் பாட்டுச் சொற்களில் இரு மொழிகளும் ஒரே களத்தில் நெல் தூற்றியவை என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1911ஆம் ஆண்டு வரை சித்தூர், சந்திரகிரி, பலமனேர், புங்கனூர் ஆகியவை வடஆர்க்காடு மாவட்டத்தின் பகுதிகளே. அந்த ஆண்டு ஏப்ரலில்தான் கடப்பை மாவட்டத்திலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகியவற்றையும் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960 ஏப்ரலில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சத்தியவேடு ஆந்திரத்துக்குப் போனது. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். எல்லைகள் மாறினாலும் வண்டித் தடங்கள் மாறவில்லை. ஆரணி, வந்தவாசிப் பக்கத்து எங்கள் நயினார் குடும்பங்களும் பயிர்த்தொழிலோடு கடலை, வெல்லம், புளி என்று இந்தத் தடத்தில்தான் வந்து போனார்கள். அந்த வழியில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மண்டியில் உட்கார்ந்தவன் என்ற முறையில், விலை எப்படி உண்டாகிறது என்பதை இம்மலரின் வாசகர்களுக்கு எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

பொருளாதாரப் புத்தகங்கள் வரத்து, தேவை என்று இரண்டைச் சொல்லும். இரண்டும் உண்மை. ஆனால் மண்டியில் மூன்றாவதாக ஒன்று உண்டு. வாங்குபவன், விற்பவன் இருவரில் யாரால் நாளைக்கு வரை பொறுக்க முடியும்? பொறுக்க முடிந்தவன் சொல்வதே விலை. ஒவ்வொரு சரக்காக எடுத்துப் பார்த்தால் இது விளங்கும்.

புளியும் வெல்லமும்

நம் பக்கத்தில் மிகப் பொறுமையான சரக்கு புளி. தை மாதம் தொடங்கி வெயில் முற்றும் வரை உலுக்குவார்கள். மரத்தைக் காயோடு குத்தகை பேசுவது பழைய வழக்கம். ஓடு உடைத்து, நார் எடுத்து, கொட்டை நீக்குவது பெரும்பாலும் வீட்டுத் திண்ணையில் பெண்கள் செய்யும் வேலை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. புதுப் புளி பொன்னிறமாக இருக்கும். வெளியே வைத்தால் சில மாதங்களில் கறுக்கும், விலை இறங்கும். குளிர்பதனக் கிடங்கில் வைத்தால் நிறம் நிற்கும். ஆகவே கிடங்கு வாடகை கொடுக்க முடிந்தவனுக்குப் புளி ஓராண்டு காத்திருக்கும். முடியாதவனுக்குச் சித்திரையோடு சரி. சரக்கு ஒன்றுதான், பொறுமை இரண்டு வகை.

வெல்லம் என்பதே காத்திருப்பதற்காகக் கண்டுபிடித்த வித்தை என்று சொல்லலாம். வெட்டிய கரும்பு ஒரு நாள் வெயிலில் கிடந்தாலே எடையும் இனிப்பும் இழக்கும். அதைப் பிழிந்து, கொப்பரையில் காய்ச்சி, அச்சில் வார்த்துவிட்டால் மாதக்கணக்கில் இருக்கும். சித்தூர் வெல்லத்துக்கு வெளியூரில் நல்ல பெயர். ஆனால் காய்ச்சியவர் வீட்டில் வெல்லம் நிற்பதில்லை. ஆலை ஆட்டும் ஆட்களுக்குக் கூலி, முன்பணம் கொடுத்த மண்டிக்குக் கணக்கு என்று சூடு ஆறுமுன் வண்டி ஏறிவிடும். மழைக்காலம் வந்தால் ஈரம் இழுத்துக் கசியும் என்ற பயம் வேறு. பிள்ளையார் சதுர்த்திக்கும் தசராவுக்கும் விலை ஏறும்போது சரக்கு வேறு கையில் இருக்கும். சித்தூரிலிருந்த கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடப்பட்ட பிறகு, ஆலைக்குக் கொடுப்பதா, வெல்லம் காய்ச்சுவதா என்று பார்த்து முடிவெடுக்கும் வசதியும் அக்கம்பக்கத்தாருக்கு இல்லாமல் போயிற்று.

வேர்க்கடலையும் இந்த இனமே. நன்றாகக் காய்ந்த காய் மாதக்கணக்கில் கெடாது. ஆனால் பயிர்க்கடன் தவணை அறுவடையோடு சேர்ந்தே வரும். கடலை காயும் வரை கடன்காரன் காயமாட்டான்.

மாங்காய்

இனி நாள்கணக்குச் சரக்குக்கு வருவோம். சித்தூர்ச் சீமையின் தோத்தாபுரி, நாம் கிளிமூக்கு மாங்காய் என்பது, பெரும்பகுதி கூழ் ஆலைகளுக்குப் போவது. ஆனி, ஆடியில் தாமலசெருவு, பங்காருபாளையம், புத்தூர் பக்கம் போனால் டிராக்டர்களே கண்ணில் படும். மரத்தில் இருக்கும் வரை காய் கொஞ்சம் பொறுக்கும். பறித்த பிறகு சில நாள்தான். ஆலை அந்தக் காயைக் கூழாக்கி டப்பாவிலும் பையிலும் அடைத்துவிட்டால் அது ஓராண்டுக்கு மேல் காத்திருக்கும். விவசாயியிடம் இல்லாத பொறுமையை ஆலைக்காரர் இயந்திரத்தால் உண்டாக்கிக் கொள்கிறார்.

அந்தப் பொறுமை திரும்பி வந்து அடிப்பதும் உண்டு. 2025ஆம் ஆண்டு அதுதான் நடந்தது. முந்தைய பருவத்துக் கூழ் விற்காமல் கிடங்கில் நின்றது. மரங்களோ நன்றாகக் காய்த்துவிட்டன. ஆலை வாசலில் வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன. மாநில அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று வைத்து, அதில் 8 ரூபாய் ஆலைகள் தர வேண்டும், 4 ரூபாய் அரசு மானியம் என்று அறிவித்தது. வெளிமாநிலத் தோத்தாபுரி உள்ளே வரக் கூடாது என்று அந்த ஜூனில் சித்தூர் ஆட்சியர் போட்ட உத்தரவால் கர்நாடக முதலமைச்சர் ஆந்திர முதலமைச்சருக்குக் கடிதம் எழுதும் அளவுக்குப் போயிற்று. வரிசையில் நிற்கும் வண்டியில் காய் பழுக்கப் பழுக்க, நின்றவர் கேட்கும் விலையும் இறங்கிக்கொண்டே போகும். 12 ரூபாய் காகிதத்தில் இருக்கும். வெயில் வண்டியின் மேல் இருக்கும்.

தக்காளியும் பாலும்

முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியின் தக்காளிச் சந்தை நாடறிந்தது. விடிந்தும் விடியாமலும் ஏலம். சென்னை கோயம்பேடு முதல் வடநாடு வரை லாரி போகிறது. தக்காளியின் ஆயுள் மூன்று, நான்கு நாள். செடியோ வாரம் இரண்டு முறை பறிக்கச் சொல்லும். 2023 ஜூலை கடைசியில் அங்கே முதல் தரம் கிலோ 200 ரூபாயை நெருங்கியது. நகரத்தார் எல்லாரும் விவசாயி பணக்காரனாகிவிட்டான் என்று பேசினார்கள். அந்த விலை வந்ததே தோட்டங்களில் காய் இல்லாததால்தான். காய் உள்ள காலத்தில் கிலோ ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் கேட்பாரில்லாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போனதையும் நாம் பார்த்திருக்கிறோம். பறிகூலியும் வண்டி வாடகையும் விலையைவிட அதிகமானால் கொட்டுவதே லாபம்!

வியாபாரி மேல் மட்டும் பழி போட்டுப் பயனில்லை. ஏலம் எடுத்தவனுக்கும் லாரி வழியில் நின்றால் தக்காளி காத்திருக்காது. வாங்கிய ஊர்க்காரன் பணத்தை இழுத்தடிப்பான். ஆனால் அவன் தன் நஷ்டத்தை அடுத்த ஏலத்தில் குறைத்துக் கேட்டு எடுத்துக்கொள்வான். விவசாயிக்கு அப்படிக் கீழே தள்ள இன்னொருவர் கிடையாது.

பால் இன்னும் மோசமாக இருக்க வேண்டும். ஏனென்றால் அதன் ஆயுள் மணிக்கணக்கு. ஆயினும் வறண்ட மேற்கு மண்டலங்களில் பல குடும்பங்கள் பயிர் போன ஆண்டிலும் பாலில்தான் தலை தப்பின. காரணம் என்ன? பாலுக்குப் பேரம் இல்லை. கொழுப்பு இவ்வளவு, மற்ற திடப்பொருள் இவ்வளவு என்றால் விலை இவ்வளவு என்று முன்கூட்டியே தெரியும்; பணமும் தவணை தவறாமல் வந்தால் போதும். காத்திருக்க முடியாத சரக்குக்கு, முன்பே தெரிந்த விலைதான் வேலி. சித்தூர்க் கூட்டுறவுப் பால்பண்ணை 2002இல் மூடப்பட்டபோது ஊர்க்காரர்கள் இழந்தது அந்த வேலியை. அந்த வளாகத்தை அமுல் குத்தகைக்கு எடுத்து 2023 ஜூலையில் புதுப்பணிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

எல்லாவற்றிலும் விரைவில் கெடும் சரக்கு

இவை எல்லாவற்றையும்விட விரைவில் கெடுவது ஒன்று உண்டு. அது மனிதனுடைய ஒரு நாள். இன்று விற்காத தக்காளியை நாளைக் காலை பாதி விலைக்காவது கொடுக்கலாம். இன்று வேலை கிடைக்காத கூலியாள் இன்றைய நாளை நாளைக்கு விற்க முடியாது. ஆகவேதான் கூலி பேசும் இடத்தில் விற்பவன் குரல் எப்போதும் தாழ்ந்தே இருந்தது. அந்தத் தாழ்வைப் பயன்படுத்தி, முன்பணம் கொடுத்து ஆண்டுக்கணக்கில் ஆளைக் கட்டிப்போட்டார்கள். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது அதற்காகத்தான்.

கூலியாளுக்குக் காத்திருக்கும் தெம்பு வந்தது இரண்டு வழியில். ஒன்று, போக இன்னொரு இடம். குப்பத்தில் விடியுமுன் ரயில் ஏறிப் பெங்களூரு போய் வேலை செய்து இரவு திரும்புகிறவர்கள் ஏராளம். 2008இல் சத்தியவேட்டுப் பக்கம் தொடங்கிய ஸ்ரீசிட்டிக்கும், ரேணிகுண்டா அருகே கரகம்பாடி பேட்டரித் தொழிற்சாலைக்கும் கிராமங்களிலிருந்து ஆட்கள் போகிறார்கள். மாங்காய்ப் பருவத்தில் கூழ் ஆலைகள் பெண்களுக்கு இரண்டு மாத வேலை தரும். இரண்டாவது, நூறு நாள் வேலை. அந்தத் திட்டம் 2006 பிப்ரவரி 2ஆம் தேதி பக்கத்து அனந்தபூர் மாவட்டம் பண்ட்லபள்ளியில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அதற்குப் பதிலாக 125 நாள் வேலை சொல்லும் புதிய சட்டத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நிறைவேற்றியது. இவற்றால் பேச்சின் தோரணையே மாறியது.

"ஏம்மா, நாளைக்குக் கடலை பிடுங்க ஆறு பேர் வேணும்."

"நாளைக்கு முடியாதுங்க. சனிக்கிழமை வேணா வர்றோம். கூலி என்னா தருவீங்க?"

"சனிக்கிழமை வேணா" என்ற அந்தச் சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு! ஆள் கிடைக்கவில்லை என்று நிலக்காரர்கள் குறைப்படுவது நியாயமே. அவர்களுடைய கடலையும் மண்ணில் முளைவிட்டுவிடும். ஆனால் தன் நாளைத் தானே விலை சொல்லும் உரிமை ஒரு பெண்ணுக்கு வந்ததைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் தராசும்

இந்த ஏற்றத்தாழ்வைச் சரிக்கட்ட அரசுகளும் முயன்றே வந்திருக்கின்றன. பழைய சென்னை மாகாணத்தில் 1933இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம், ஆந்திரத்தில் 1966இல் விளைபொருள் சந்தைச் சட்டம் வந்தன. எடை, கழிவு, தரகு எல்லாம் கண்காணிப்புக்குள் வர வேண்டும் என்பதே நோக்கம். விவசாயி நேரே விற்க ஆந்திரத்தில் 1999 ஜனவரி 26இல் ரைத்து பஜார் வந்தது; அதே ஆண்டு நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டம், கிடங்கில் வைத்த சரக்கின் ரசீதைக் காட்டிக் கடன் பெற வழி செய்தது. விளைச்சலைக் காத்திருக்க வைத்துக்கொண்டே கைச்செலவுக்குப் பணம் பெறுவது இதன் சாரம். என் கணக்கில் எல்லாவற்றிலும் பயனுள்ளது இதுதான். குறைவாகப் பயன்படுவதும் இதுதான்.

எடைக்கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. என் தந்தையார் காலத்துக் கணக்கில் 8 வீசை ஒரு மணங்கு, 20 மணங்கு ஒரு பாரம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் படிப்படியாகக் கிலோ வந்தது. கல் மாறினாலும் பிடிக்கும் கை மாறவில்லை. சமண நூலான தத்துவார்த்த சூத்திரம், கள்ளாமை விரதத்தைக் கெடுப்பவற்றில் கள்ள எடையையும் கலப்படத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பழந்தமிழர் வணிக நேர்மையைப் பட்டினப்பாலையும் போற்றுகிறது. அன்றும் இந்தத் தவறு இருந்ததால்தானே இவ்வளவு சொல்ல வேண்டியிருந்தது!

நம் குடும்பங்களுக்கு

நம்மில் பலருக்குச் சொந்த ஊரில் ஓரிரு ஏக்கர் இன்னும் இருக்கிறது. குத்தகைக்கு விட்டிருப்போம், தம்பியோ மாமாவோ பார்த்துக்கொள்வார். அவர்களுக்கு நான்கு வார்த்தை சொல்லுங்கள். முதலாவது, கடன் ஓரிடம், சரக்கு ஓரிடம். முன்பணம் கொடுத்தவரிடமே விற்றாக வேண்டும் என்று வந்துவிட்டால் விலை அங்கேயே முடிந்துபோகும். இரண்டாவது, வண்டியை இறக்குமுன் மூன்று கேள்வி: எடை யார் போடுவது, கழிவு எவ்வளவு, பணம் என்றைக்கு? மூன்றாவது, சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. யார்டில் தக்பட்டி என்பார்கள். அந்தத் துண்டுக் காகிதம்தான் பின்னால் பேசும். நான்காவது, முழு விளைச்சலையும் ஒரே நாளில் விற்காமல் கடலை, புளி போன்றவற்றில் பத்தில் இரண்டு பங்காவது நிறுத்தி வைக்கட்டும்.

வாங்கும் பக்கத்திலும் நமக்குக் கடமை உண்டு. தக்காளி கொட்டிக் கிடக்கும் வாரத்தில் ஒரு கூடை கூடுதலாக வாங்கித் தொக்கோ வற்றலோ போட்டால், ரைத்து பஜாரில் உட்கார்ந்த அந்த அம்மாள் மீதியைச் சுமந்துகொண்டு பஸ் ஏற வேண்டாம். வீட்டு வேலைக்கோ தோட்ட வேலைக்கோ வந்தவருக்குக் கூலியை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். அவர் விற்றது காத்திருக்காத சரக்கு. அதன் விலையை நாம் காக்க வைக்கக் கூடாது.